இரண்டு கார்த்திகை

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் நான் பார்த்த வேலை என்ன என்று யாராவது கேட்டால், "பச்சைக் குழந்தைகளைத் தூங்க வைப்பது" என்றுதான் சொல்வேன். கேட்பவர்கள் ஆயா வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். பிறந்து சில நாளோ சில வாரமோ ஆன குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று அந்த மெஷினில் அளந்து பார்க்கும் ஆராய்ச்சி எங்கள் பிரிவில் நடந்தது. அளப்பது டாக்டரின் வேலை. அளந்து முடியும்வரை குழந்தை அசையாமல் இருக்கப் பார்த்துக்கொள்வது என் வேலை.

போன மாதம், எனக்குப் பின் அந்த இடத்துக்கு வந்த ஷாலினி வீட்டுக்கு வந்திருந்தாள். புது மெஷின் இறக்கியிருக்கிறார்களாம். குழந்தை தலையை ஆட்டினாலும் அதுவே சரிசெய்துகொள்கிறதாம். சில நிமிடங்களில் மூளை முழுவதற்கும் எண்கள் வந்துவிடுகின்றனவாம்.

"வயசை மட்டும் கரெக்டா கொடுத்தா போதும் மேடம், மிச்சத்தை அதுவே பார்த்துக்குது" என்றாள்.

அந்த 'வயசை மட்டும்' என்றதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறீங்க என்று கேட்டாள். பதில் சொல்லி முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. அதை எழுதி வைக்கச் சொன்னதும் அவள்தான்.

நான் பெங்களூரிலேயே, ஜீவனஹள்ளியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கர்நாடக அரசு அச்சகத்தில் வேலை பார்த்தார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கடைத்தெருவில் கொஞ்சம் உருது. எக்ஸ்ரே படிப்பு முடித்து, இரண்டு வருடம் கை கால் முறிந்தவர்களைப் படம் எடுத்துவிட்டு, 1991-இல் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எம்.ஆர்.ஐ. மெஷின் என்பதே அப்போது ஊரில் அதிசயம். பக்கத்தில் சாவியைக் கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்ளும் என்று சொல்லிப் பயமுறுத்தினார்கள். உண்மையாகவே பிடுங்கிக்கொண்டது. முதல் வாரத்தில் என் கொண்டை ஊசி இரண்டு போயிற்று.

ஹெக்டே மேடம் அங்கே மூத்த ரேடியாலஜிஸ்ட். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் காட்டன் புடவையில் இருப்பார். தீர்த்தஹள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் அவருக்குப் பேச வரும், படிக்க வராது. பெரியவர்களின் மூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தொண்ணூறுகளின் நடுவில் பச்சைக் குழந்தைகள் பக்கம் கவனம் திரும்பியது. நல்ல மெஷினில் எடுத்தாலும் பிறந்த குழந்தையின் மூளைப் படம் வெந்த சோற்றுக் கஞ்சி மாதிரிதான் இருக்கும். எது சரி, எது சரியில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். ஒருவர் நன்றாக இருக்கிறது என்பார், இன்னொருவர் சந்தேகம் என்பார்.

"கண்ணு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொண்ணு சொல்லும் லதா. எனக்கு நம்பர் வேணும்" என்றார் மேடம்.

அந்த நம்பர் என்ன என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மெஷின் ஒரு அலையை அனுப்பும். மூளையில் இருக்கும் தண்ணீர் அதற்குப் பதில் கொடுக்கும். அந்தப் பதில் மெல்ல மெல்ல மங்கிப்போகும். தண்ணீர் அதிகம் இருந்தால் மங்குவதற்கு நேரம் எடுக்கும். பிறந்த குழந்தையின் மூளையில் தண்ணீர் நிறைய. நாள் ஆக ஆக, நரம்புகளின்மேல் கொழுப்பு உறை சுற்றிக்கொள்ளும், தண்ணீர் குறையும், மங்கும் நேரமும் குறையும். அந்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக் கணக்கில் அளந்தால், மூளையின் இந்த இடம் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும்.

இதை அளக்க, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்க வேண்டும். இருபது நிமிடத்துக்குக் குறையாது. அதுவரை குழந்தை அசையக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க மேடம் சம்மதிக்கவே இல்லை. "நமக்கு நம்பர் வேணும்னு நல்லாயிருக்கிற குழந்தைக்கு மருந்தா? பேடா, வேண்டாம்" என்றார்.

ஆகவே தாய்ப்பால்தான் எங்கள் மருந்து. அம்மாவைக் காலையில் வரச் சொல்வேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து வயிறு நிறையப் பால் கொடுக்க வேண்டும். ஏப்பம் வந்த பிறகு, சூடாக்கி வைத்த பருத்திப் போர்வையில் கை வெளியே வராதபடி சுற்றுவேன். காதுக்குள் பஞ்சு, அதன்மேல் மெத்தைத் துண்டு. மெஷின் போடும் சத்தம், கதவுக்கு வெளியே யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். கால் கட்டை விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜனையும் நாடியையும் காட்டும் ஒயர். குழந்தைத் தலைக்கென்று தனிக் கருவி அப்போது எங்களிடம் கிடையாது. பெரியவர்களின் முழங்காலைப் படமெடுக்கும் வளையம் ஒன்று இருந்தது. பச்சைக் குழந்தையின் தலை அதில் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தும். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுப்பேன். குழந்தைகள் டாக்டர் ஒருவர் உள்ளேயே நிற்பார். பாதியில் கண் விழித்தால் எல்லாம் போச்சு. மறுபடியும் பால், மறுபடியும் ஏப்பம்.

படம் வந்த பிறகு மேடத்தின் வேலை தொடங்கும். அவரோடு எனக்கும். மூளையின் குறிப்பிட்ட இடங்களைச் சுற்றி மவுஸால் சின்ன வட்டம் போட வேண்டும். நான் மூன்று தடவை போட வேண்டும், முன்னால் போட்டதைப் பார்க்காமல். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் மேடம் கத்தமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "மூணு தடவையும் நீதானே போட்டே?" என்று மட்டும் கேட்பார். அதற்குக் கத்தியிருந்தாலே தேவலை.

மெஷின்மேலும் அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது. ஆறு சின்ன பாட்டில்களில் உப்பு கலந்த தண்ணீர் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் என்ன நம்பர் வரவேண்டும் என்பது தெரியும். குழந்தையைப் படுக்க வைக்கிற ஒவ்வொரு நாளும் முதலில் பாட்டில்களை அளக்க வேண்டும். அறையின் சூட்டையும் குறிக்க வேண்டும், அது ஏறினால் நம்பரும் மாறும். பாட்டில் சரியாக வந்தால்தான் குழந்தை.

இப்படி அளந்த நல்ல குழந்தைகளை எல்லாம் ஒரு பெரிய கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். கீழே குழந்தையின் வயது வாரக் கணக்கில். தாயின் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணி வரும் வாரம். பக்கவாட்டில் நம்பர். புள்ளிகள் சேரச் சேர, மேலிருந்து கீழே சாய்ந்து இறங்கும் ஒரு கோடு உருவாயிற்று. அந்தக் கோட்டில் இருந்த ஒவ்வொரு புள்ளியும் நான் போர்த்தித் தூங்க வைத்த ஒரு குழந்தை. கம்ப்யூட்டரிலும் அது இருந்தது. ஆனால் மேடம் நம்பியது தாளைத்தான்.

ஒரு தடவை படத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி முழுக்கக் கறுத்து, வளைந்து வந்தது. மேடம் கலங்கிவிட்டார். வளையம் கெட்டுவிட்டதோ, குழந்தைக்கு உள்ளே ரத்தமோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். நான் உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்தேன். நெற்றி நடுவில் எட்டணா அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. கடையில் வாங்கிய மை. அதில் இரும்புத் தூள் ஏதோ கலந்திருக்கும் போல. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத் திரும்ப எடுத்தோம். படம் பளிச்சென்று வந்தது. அன்றிலிருந்து என் தள்ளுவண்டியில் தேங்காயெண்ணெய் பாட்டிலும் இடம்பிடித்தது. பொட்டை அழிக்க அம்மாக்கள் சம்மதிக்க மாட்டார்கள். "உள்ளங்கால்ல வீட்டு மை வெச்சுக்கோங்க, அங்கே வெச்சாலும் கண்ணு படாது" என்பேன். ஒத்துக்கொள்வார்கள்.

இனி, ஷாலினிக்கு ஒரு மாலை முழுக்கச் சொன்ன விஷயம்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். பொம்மனஹள்ளியிலிருந்து செல்வி என்ற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். ஊர் தர்மபுரிப் பக்கம். ஓசூர் ரோடில் ஒரு தையல் ஃபேக்டரியில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். பிறந்து இரண்டு வாரமான பெண் குழந்தை கையில். கூட வந்த கணவன் முருகேசன் சுவரோரமாக நின்றான், உட்காரவே இல்லை.

ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிரசவம். அவர்கள் கொடுத்த சீட்டில், மாதம் நிறைந்து பிறந்த குழந்தை, ஆனால் எடை குறைவு, கை கால் தொய்வு, சரியாகப் பால் இழுக்கவில்லை, மூளை வளர்ச்சியில் சந்தேகம் என்று எழுதியிருந்தது. கர்ப்ப கால ஸ்கேன் அப்போதெல்லாம் எல்லோரும் எடுப்பதில்லை, செல்வியும் எடுத்திருக்கவில்லை. தேதியெல்லாம் வாய்க்கணக்குதான்.

"பாப்பா பேர் என்னம்மா?" என்று ஃபாரம் நிரப்பக் கேட்டேன்.

"இன்னும் வெக்கலைங்க சிஸ்டர்."

"இன்னும் நாள் பார்க்கலையா?"

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ரிப்போர்ட்டு வரட்டும்னு வீட்ல சொல்லிட்டாங்க."

பெயர்க் கட்டத்தில் 'செல்வியின் குழந்தை' என்று எழுதினேன்.

குழந்தைக்குப் பால் புகட்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு வாய் இழுக்கும், களைத்துத் தூங்கிவிடும். படம் எடுப்பது மட்டும் சுலபமாக இருந்தது. அது அசையவே இல்லை. மற்றக் குழந்தைகள் இப்படிப் படுத்திருந்தால் சந்தோஷப்படுவேன். அன்று அந்த அசையாமைதான் என்னைப் பயமுறுத்தியது.

மதியம் வட்டங்கள் போட்டேன். மூன்று தடவையும் ஒத்துவந்தது. மேடம் தாளில் புள்ளி வைத்தார். கோட்டுக்கு நன்றாக மேலே போய் விழுந்தது. சீட்டில் இருந்த கணக்குப்படி குழந்தைக்கு நாற்பத்தொரு வாரம். ஆனால் நம்பர் நான்கு வாரம் பின்தங்கியிருந்தது. காலையில் எடுத்த பாட்டில்களின் கணக்கை மேடம் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பென்சிலால் ரிப்போர்ட்டின் வரைவை எழுதத் தொடங்கினார். மூளை முதிர்ச்சி வயதுக்கேற்ப இல்லை, குறிப்பிடத்தக்க தாமதம். பென்சிலில் எழுதியது டைப் ஆகி வந்துவிட்டால் அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் எல்லாம் முடிவாகும்.

நான் பக்கத்து அறைக்குப் போனேன். செல்வி தனியாக இருந்தாள். முருகேசன் டீ குடிக்கப் போயிருந்தான். அவள் என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? எனக்கு எட்டு மாசம்தாங்க ஆச்சு. அப்பவே சொன்னேன். ஒன்பது முடிஞ்சிடுச்சு, உனக்கு எண்ணத் தெரியலைன்னு நர்ஸம்மா திட்டினாங்க. எங்க நாத்தனாரும் அதையேதான் சொல்றாங்க."

"கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சேன்னு சொன்னே அவங்ககிட்ட?"

"கார்த்திகை பொறந்த மறுநாளு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குங்க. கொழுந்தனாரு சபரிமலைக்கு மாலை போட்டாரு, ஒண்ணாந்தேதி. அடுத்த நாளு எனக்கு ஆயிடுச்சு. ஒத்தை ரூம் வீடு, மாலை போட்டவங்க இருக்கிற எடத்துல இருக்கக் கூடாதுன்னு எங்கக்கா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நர்ஸ் தமிழா, கன்னடமா?"

"கன்னடங்க. கார்த்தீகாவான்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

என் கையிலிருந்த ஃபாரம் கீழே விழுந்தது என்று எழுதினால் நாடகம் மாதிரி இருக்கும். விழவில்லை. அதன் பின்பக்கத்தில் அவள் சொன்ன நாளை எழுதிக்கொண்டேன்.

ஜீவனஹள்ளியில் வளர்ந்தவளுக்கு இரண்டு கார்த்திகையும் தெரியும். பக்கத்து வீட்டு சுமங்களா வீட்டில் தீபாவளி அமாவாசை கழிந்த மறுநாளே கார்த்தீகம் தொடங்கிவிடும். அவர்கள் கணக்கு நிலாவைப் பார்த்து. எங்கள் வீட்டில் ஐப்பசி முழுக்க முடிந்துதான் கார்த்திகை; எங்கள் கணக்கு சூரியனைப் பார்த்து. சில வருடம் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். செல்வி சொன்ன அந்த வருடம் தீபாவளி வெகு சீக்கிரம் வந்திருந்தது. அப்பா வீட்டில் பழைய காலண்டர்களைத் தூக்கிப்போட மாட்டார். அதில் பார்க்கலாம் என்று தோன்றினாலும், அவ்வளவு நேரம் இல்லை. ஆஸ்பத்திரி வரவேற்பறையில் வேலை பார்த்த பெரியவரிடம் பஞ்சாங்கம் இருந்தது. முந்தைய வருடத்தையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். விரல் விட்டு எண்ணினேன். இரண்டு கார்த்திகைக்கும் இடையில் நான்கு வாரத்துக்கு ஒரு நாள் குறைவு.

மேடத்திடம் போய் நிற்பது சாதாரணக் காரியம் இல்லை. நோயாளியிடம் டெக்னீஷியன் ரிப்போர்ட் பற்றிப் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

"மேடம், அந்தக் குழந்தையோட வயசு தப்பு."

"சீட்டுல இருக்கு லதா."

"சீட்டுல இருக்கிறது உங்க கார்த்தீகம். அவ சொன்னது எங்க கார்த்திகை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் மாலை போட்ட கதையையும் அக்கா வீட்டுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி, பஞ்சாங்கத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் புரட்டினார். பிறகு இல்லை என்று தலையசைத்தார்.

"கதையைக் கேட்டு நான் நம்பரை மாத்த முடியாதும்மா. ரிப்போர்ட் நல்லா வரணும்னு நாளைக்கு எல்லாரும் ஒரு கதை சொல்வாங்க."

"நம்பரை மாத்த வேண்டாம் மேடம். வயசை மட்டும் கேட்டுப் பாருங்க."

அவர் போனை எடுத்து நர்சிங் ஹோமைக் கூப்பிட்டார். கன்னடத்தில் பேசினார். ரிஜிஸ்டரைப் பார்க்கச் சொன்னார். 'கார்த்தீக சுத்த பிதிகே' என்று எழுதியிருப்பதாக அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது. நிலாக் கணக்கில், அமாவாசை கழிந்த இரண்டாம் நாள். அந்தத் திதியை செல்வி வாயால் சொல்லியே இருக்க முடியாது; அவள் சொன்ன 'கார்த்திகை பொறந்த மறுநாளை' நர்ஸ் தன் கணக்கில் எழுதியிருக்கிறாள்.

மேடம் படங்களை மறுபடி லைட் பாக்ஸில் மாட்டினார். மூளையின் மடிப்புகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மடிப்புகளும் முப்பத்தேழு வாரக் குழந்தைக்கு உள்ள மாதிரியே இருந்தன. "காலையிலேயே இது என் கண்ணுல பட்டது" என்றார் மெல்ல. "ஏன் இப்படி இருக்குன்னு கேக்கலை. தாமதம்னு பேர் வெச்சுட்டேன்." பென்சில் கோடுகளை ரப்பரால் அழித்தார். தாளில் இருந்த புள்ளியையும் அழித்து, நான்கு வாரம் இடப்பக்கம் தள்ளி வைத்தார். கோட்டின்மேல் உட்கார்ந்தது.

ஆனாலும் அவர் துள்ளிக் குதிக்கவில்லை. செல்வியையும் முருகேசனையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். முருகேசன் அன்று முதல் தடவையாக உட்கார்ந்தான்.

"உங்க குழந்தை சீக்கிரம் பொறந்த குழந்தை. அதனால சின்னது, அதனால பால் இழுக்க பலம் இல்லை. இன்னிக்கு நான் தப்பு எதுவும் பார்க்கலை. ஆனா ஒரு புள்ளி வெச்சுக் கோடு போட முடியாது. நாலு வாரம் கழிச்சு வாங்க. அப்போ இன்னொரு புள்ளி வைக்கிறேன். அதுவும் கோட்டுலேயே வந்தா, நல்லா வளருதுன்னு அர்த்தம்."

குறைமாதக் குழந்தைக்கு எப்படிப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுப்பது, எப்படி நெஞ்சோடு அணைத்துக் கதகதப்பாக வைத்துக்கொள்வது என்று குழந்தைகள் வார்டு நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். முருகேசன் செல்வியைவிடக் கவனமாகக் கேட்டான்.

அடுத்த வாரமே எங்கள் ஃபாரம் மாறியது. 'கடைசி மாதவிலக்கு' என்ற கட்டத்துக்குக் கீழே, 'எந்தக் காலண்டர், எந்தப் பண்டிகைக்கு முன் அல்லது பின்' என்று இன்னொரு கட்டம். மேடம் தாமே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். பழைய ஃபாரங்களையும் எடுத்து, தமிழ் அம்மாக்களை எல்லாம் தேடிப் பிடித்து நான் மறுபடி விசாரித்தேன். கோட்டில் இரண்டு மூன்று புள்ளிகள் இடம் மாறின.

நான்கு வாரம் கழித்து செல்வி வந்தாள். இந்தத் தடவை குழந்தை எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. முட்ட முட்டப் பால் குடித்தது; போர்வையை உதைத்துக் கையை வெளியே எடுத்தது; தூங்கியது என்று படுக்க வைத்தால் மெஷின் முதல் சத்தம் போட்டதும் வீரிட்டது. இரண்டு தடவை வெளியே எடுத்தோம். வராந்தாவில் முருகேசன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். "அபிராமி, தூங்கும்மா, அபிராமி" என்று அவன் சொல்வது கேட்டது. நானும் உள்ளே நின்ற குழந்தைகள் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவில்லை போலிருக்கிறது. மூன்றாவது தடவை தூங்கினாள்.

மேடம் புள்ளி வைத்தார். கோட்டை ஒட்டி, கொஞ்சம் கீழேயே; வயதுக்குச் சற்று முந்தி என்று அர்த்தம். செல்வியைக் கூப்பிட்டு, "நோடு, பாரும்மா, இது அன்னிக்கு, இது இன்னிக்கு. ரெண்டும் உன் பொண்ணுதான்" என்று காட்டினார்.

செல்வி இரண்டு புள்ளிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்போ நான் சொன்ன கணக்கு சரிதானுங்களே மேடம்?"

"சரிதாம்மா. நாங்கதான் தப்பா படிச்சோம்."

"இதை எனக்குக் கொடுப்பீங்களா? வீட்ல காட்டணும். நர்ஸம்மாகிட்டயும் காட்டணும்."

ஆராய்ச்சித் தாளைக் கொடுக்க முடியாது. மேடம் யோசித்தார். புதிதாக ஒரு கிராஃப் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து அதே கோட்டை நிதானமாக வரைந்து, இரண்டு புள்ளிகளை மட்டும் வைத்தார். ஆங்கிலத்தில் எழுதப் போனவரை செல்வி தடுத்தாள். "தமிழ்ல எழுதுங்க. எங்க வீட்ல அதான் படிப்பாங்க."

மேடம் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுதினேன்: 'இந்தக் குழந்தை எட்டு மாதத்தில் பிறந்தது. தாய் சொன்ன கணக்கு சரி. குழந்தை நன்றாக வளர்கிறது.' என்ன எழுதியிருக்கிறேன் என்று மேடம் கேட்டார். படித்துக் காட்டினேன். நடு வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையை அழுத்தி வைத்துக் கொடுத்தார்.

டெக்னீஷியன்கள் ரிப்போர்ட் எழுதுவது கிடையாது. நான் எழுதியது அந்த ஒன்றுதான்.